வாசிகசாலைக்காக எழுதும் ஒரு சிறிய உள்ளடக்க முறைமை

செய்நிரலாக்கம் பழகத் தொடங்கியிருக்கும் ஒருவர் முதலில் எதை முழுமையாக எழுதி முடிக்க வேண்டும் என்று கேட்டால், ஓர் இணையத்தளத்துக்கான சிறிய உள்ளடக்க முகாமைத்துவ முறைமையை எழுதுங்கள் என்றே சொல்வேன். திருகோணமலை உப்புவெளிப் பக்கத்திலுள்ள எங்கள் வாசிகசாலைக்காக நான் இப்போது எழுதிவருவதும் அதுதான். பாடநூல்களில் தனித்தனி அத்தியாயங்களாகக் கிடக்கும் படிவம், தரவுத்தளம், கடவுச்சொல், படப் பதிவேற்றம், தேடல் ஆகிய எல்லாம் இந்த ஒரே வேலையில் ஒன்றையொன்று சார்ந்து நிற்கின்றன. ஒன்றை அரைகுறையாக விட்டால் மற்றொன்று உடனே அதைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது. இவ்வளவும் எந்த மொழிக்காரருக்கும் பொருந்தும். நமக்கு இன்னொரு காரணம் இருக்கிறது. உள்ளே போகும் எழுத்து தமிழ் என்றால், ஆங்கில வழிகாட்டிகள் தொடாத ஒரு பகுதியை நாமே சிந்தித்துச் செய்ய வேண்டியிருக்கிறது. இந்தப் பதிவின் பெரும்பகுதி அதைப் பற்றியதுதான்.

இத்தகைய முறைமையின் அடிப்படை எண்ணம் எளியது. பக்கத்தின் தோற்றத்தை அமைப்பவர் ஒருவர், பக்கத்துக்குள் எழுதுபவர் வேறொருவர். இரண்டாமவர் முதலாமவரைத் தேடிப் போக வேண்டிய தேவை இருக்கக்கூடாது. வாசிகசாலைக்கு ஏற்கெனவே நான்கைந்து எச்டிஎம்எல் பக்கங்கள் இருந்தன. புலமைப்பரிசில் மாணவருக்கான வகுப்பு, புதிதாக வந்த நூல்கள், நினைவுப் பேருரை என்று எதை அறிவிப்பதாயினும் கோப்பைத் திறந்து திருத்தி மீண்டும் பதிவேற்ற வேண்டும். செயலாளர் ஐயா ஒரு நாள் நேரடியாகவே கேட்டார்: "தம்பி, ஒரு அறிவித்தல் போடுறதுக்கு ஒவ்வொரு முறையும் உம்மைக் கூப்பிட வேணுமெண்டால், பிறகு எங்களுக்கு ஏன் இணையத்தளம்?" அந்தக் கேள்விக்குள் முழு வடிவமைப்பும் அடங்கியிருக்கிறது என்று கருதுகிறேன். அவர் கைபேசியிலிருந்து எழுதுவார். அவருக்குச் செய்நிரல் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. அவர் எழுதியது அன்றே, அவர் எழுதியபடியே வெளியாக வேண்டும்.

நாளைக்கே ஒரு தளம் வேண்டும் என்பவருக்கு இத்தகைய ஆயத்த முறைமையான வேர்ட்பிரஸ்ஸைத்தான் நானும் பரிந்துரைப்பேன். பி2 என்ற பழைய வலைப்பதிவு மென்பொருளிலிருந்து மாட் முல்லன்வெக், மைக் லிட்டில் ஆகிய இருவரும் 2003இல் தொடங்கிய அது, இன்று எவராலும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய முதிர்ந்த மென்பொருளாகிவிட்டது. ஆனால் பழகுபவருக்கு அதன் முதிர்ச்சியே ஒரு திரையாக அமைகிறது. தலைப்பை எழுதிப் பொத்தானை அழுத்தியதும் என்ன நடக்கிறது என்பதை அது காட்டுவதில்லை. தமிழ்த் தலைப்புகளை அது கையாளும் விதத்தை எடுத்துக்கொள்வோம். தலைப்பிலிருந்து அது உருவாக்கும் இணைப்பு முகவரிக்கு 200 இடங்களே உண்டு. தமிழின் ஒவ்வொரு குறியீட்டுப் புள்ளியும், அதாவது 'க', ஓகாரக் குறி என்று கணினி தனித்தனியே எண்ணிட்டு வைத்திருக்கும் ஒவ்வோர் அலகும், முகவரிக்குள் விழுக்காட்டுக் குறி (%) சேர்ந்த வடிவமாக மாறும்போது ஒன்பது இடங்களைப் பிடிக்கிறது. ஆகவே இருபத்திரண்டு புள்ளிகளுக்கு மேற்பட்ட தலைப்பு வெட்டுப்படும். 'திருகோணமலை' என்ற ஊர்ப்பெயர் மட்டுமே தொண்ணூறு இடங்களை எடுத்துக்கொள்கிறது என்றால், மிகுதியில் எதைச் சொல்வது? வைபரிலும் வாட்ஸ்அப்பிலும் பகிரும்போது அந்த முகவரி மூன்று நான்கு வரிகளுக்கு நீண்டுவிடுவதும் உண்டு. '.இலங்கை' என்ற தமிழ் மேல்நிலை ஆள்களப் பெயர் 2010இலேயே நமக்குக் கிடைத்துவிட்டது. முகவரியின் மிகுதிப் பகுதியைப் பற்றியும் நாம் யோசிக்கத்தான் வேண்டும். எனது முறைமையில் பதிவின் எண் மட்டுமே முகவரியில் வருகிறது. தலைப்பைப் பின்னர் திருத்தினாலும் பழைய இணைப்பு அறுந்துபோவதில்லை. தொலைபேசியில் சொல்லிக் கொடுக்கவும் முடிகிறது.

அடித்தளத்துக்கு பிஎச்பி மொழியையும் எஸ்கியூலைட் தரவுத்தளத்தையும் தேர்ந்தேன். பிஎச்பியை ராஸ்மஸ் லெர்டோர்ஃப் 1995இல் வெளியிட்டதே தமது தனிப்பட்ட பக்கங்களைப் பேணுவதற்கான சிறு கருவித் தொகுப்பாகத்தான். மலிவான எந்தச் சேவையகத்திலும் இன்று அது இருக்கும். 2000ஆம் ஆண்டு ரிச்சர்ட் ஹிப் வெளியிட்ட எஸ்கியூலைட்டோ முழுத் தரவுத்தளத்தையும் ஒரே கோப்பில் வைத்துக்கொள்கிறது. அதற்கெனத் தனியான சேவையகம் ஓட வேண்டியதில்லை. எழுதுபவர் ஒருவரோ இருவரோ, வாசிப்பவர் சில நூறு பேர் என்ற அளவுக்கு அது தாராளமாகப் போதும். நாளை நான் வேறு ஊருக்குப் போய்விட்டாலும் அந்த ஒரு கோப்பையும் படங்களின் உறையையும் ஒரு பென்டிரைவில் இட்டு வாசிகசாலை அலுமாரியில் வைத்துவிட முடியும் என்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. எவராவது எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் கோப்பை அப்படியே நகலெடுக்கக்கூடாது. பிரதி எடுப்பதற்கென்று எஸ்கியூலைட்டே தரும் கட்டளையைப் பயன்படுத்த வேண்டும்.

அட்டவணைகள் மிகச் சில. பதிவுகளுக்கு ஒன்று, பயனர்களுக்கு ஒன்று, படங்களுக்கு ஒன்று, நூற்பட்டியலுக்கு ஒன்று. பதிவு அட்டவணையில் தலைப்பு, உடல், எழுதியவர், எழுதிய நேரம், திருத்திய நேரம் ஆகியவற்றோடு 'நிலை' என்றொரு புலமும் உண்டு. அது வரைவாக இருக்கலாம், வெளியானதாக இருக்கலாம், மறைக்கப்பட்டதாக இருக்கலாம். அழித்தல் என்பதையே நான் வைக்கவில்லை, மறைத்தல் மட்டுமே உண்டு. ஊர்ச் சங்கங்களின் அறிவித்தல்கள் காலம் போகப் போக ஆவணமாகிவிடுகின்றன, ஆவணத்தை ஒரு விரல் தவறி அழித்துவிட இடம் கொடுக்கக்கூடாது.

பாதுகாப்பைப் பற்றி நல்ல வழிகாட்டிகள் நிறையவே இருப்பதால் இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன். பயனர் தட்டெழுதியதை தரவுத்தளத்துக்கான எஸ்கியூஎல் கட்டளையோடு நேரே ஒட்டாமல், முன்கூட்டியே தயாரித்த கட்டளைக்குள் மதிப்பாக மட்டும் அனுப்ப வேண்டும். தரவுத்தளத்திலிருந்து எடுத்து உலாவிக்கு அனுப்பும் ஒவ்வோர் எழுத்தும், கோணக் குறிகள் செயலிழக்கும்படி மாற்றப்பட்ட பின்னரே வெளியே போக வேண்டும். கடவுச்சொல்லைக் குழப்பிச் சேமிப்பதற்கென்று 2013இல் வந்த 5.5 பதிப்பிலிருந்தே பிஎச்பியில் சார்புகள் (ஒரு வேலையைச் செய்து தரும் ஆயத்த நிரல்துண்டுகள்) உள்ளன; சொந்தமாக ஒன்றைக் கண்டுபிடிக்க முயல வேண்டாம். படங்களைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். கைபேசிப் படங்களுக்குள் எடுத்த இடத்தின் அகலாங்கும் நெட்டாங்கும் பதிந்திருக்கக்கூடும். வாசிகசாலை நிகழ்ச்சிப் படங்களில் பெரும்பாலும் சிறுவர்களே இருக்கிறார்கள். சில படங்கள் வீடுகளிலும் எடுக்கப்பட்டவை. ஆகவே ஒவ்வொரு படத்தையும் சேவையகத்தில் திறந்து, அளவைக் குறைத்து, புதிய கோப்பாக எழுதுகிறேன். பிஎச்பியின் படக்கருவி அப்படி எழுதும்போது இடக்குறிப்பு கழன்றுவிடுகிறது, பக்கத்தைத் திறப்பவரின் டேட்டாவும் மிஞ்சுகிறது. படம் எந்தப் பக்கம் நிமிர்ந்திருந்தது என்ற குறிப்பும் அதோடு போய்விடும் என்பதால் அதை முதலில் வாசித்துப் படத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும்.

இனித் தமிழுக்கு வருவோம். முகப்பில் ஒவ்வொரு பதிவின் தொடக்கத்தையும் சில சொற்களாவது காட்ட வேண்டும். பயிற்சிநூல்களில் வரும் வழி, முதல் இத்தனை எழுத்துகளை வெட்டி எடு என்பதாகும். ஆனால் 'எழுத்து' என்று கணினி எதைக் கருதுகிறது? 'திருகோணமலை' நம் கண்ணுக்கு ஆறு எழுத்துகள். எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் யுனிகோட்டில் அது பத்துக் குறியீட்டுப் புள்ளிகள், அவற்றைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் முப்பது பைட்கள். பிஎச்பியின் பழைய வெட்டும் சார்பு பைட்களை எண்ணுவதால் ஓர் எழுத்தின் நடுவிலேயே கத்தி விழுந்து, இறுதியில் கறுப்புச் சாய்சதுரமும் கேள்விக்குறியும் தோன்றும். அதற்கு மாற்றான பல்பைட் சார்பு குறியீட்டுப் புள்ளிகளை எண்ணுகிறது. அதில் சிதைவு வராது, ஆனால் 'கோ' என்பது 'க' ஆகி நிற்கக்கூடும். நாம் காணும் எழுத்துகளையே எண்ணும் சார்புகள் பிஎச்பியோடு சேர்த்துக்கொள்ளும் 'இன்டல்' என்ற நீட்சியில் இருக்கின்றன. தமிழ்த் தளம் எழுதுபவர் எவரும் சேவையகத்தைத் தேர்வதற்கு முன்னரே அந்த நீட்சி அங்கு உண்டா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். சொல்லின் எல்லையில் வெட்டுவது அதைவிடவும் நல்லது. பாதிச் சொல் தமிழில் வேறொரு சொல்லாகிவிடும்.

அடுத்தது, பார்வைக்கு ஒன்றாக இருக்கும் எழுத்துகள் உள்ளே வேறாக இருப்பது. 'கோ' என்பதை 'க' என்பதோடு ஓகாரக் குறியாகவும் சேமிக்கலாம், ஏகாரக் குறியையும் கால் குறியையும் தனித்தனியே இட்டும் சேமிக்கலாம். திரையில் எந்த வேறுபாடும் தெரியாது, கணினிக்கோ அவை இரு வேறு எழுத்துத் தொடர்கள். 'ஸ்ரீ' இன்னும் சிக்கலானது. ஸகரத்தில் தொடங்கும் வடிவம் ஒன்று, 2005இல் யுனிகோட்டில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கும் வடிவம் மற்றொன்று. பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். 'ஸ்ரீ கோணேஸ்வரா இந்துக் கல்லூரி' என்ற நம்மூர்ப் பெயரை எடுத்துக்கொண்டால், இரண்டு சிக்கல்களும் ஒரே பெயருக்குள் இருக்கின்றன. ஒருவர் கைபேசியிலும் இன்னொருவர் கணினியிலும் தட்டெழுதினால் அந்தக் கல்லூரி பட்டியலில் இரு வேறு கல்லூரிகளாக வந்து நிற்கலாம். முதல் சிக்கலை யுனிகோட்டின் சீராக்க விதி தீர்த்துவிடுகிறது. பிஎச்பியில் அது ஒரே வரி. இரண்டாவதை அந்த விதி தொடாது, நாமே ஒரு வடிவத்தைத் தேர்ந்து மற்றதை மாற்ற வேண்டும். இதைச் செய்ய வேண்டிய இடம் பதிவு உள்ளே நுழையும் வாசல்தான். ஒவ்வொரு தேடலிலும் ஒவ்வொரு பட்டியலிலும் பின்னால் போய்த் திருத்திக்கொண்டிருப்பது எந்நாளும் முடியாத வேலை. தேடற்பெட்டியில் வரும் சொல்லும் அதே வாசல் வழியாகவே போக வேண்டும் என்பதை மறக்கக்கூடாது.

எழுத்துகளை ஒட்டவைக்கும், கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறிகளும் அந்த வாசலில்தான் பிடிபடுகின்றன. வேறு தளங்களிலிருந்து நகலெடுத்து ஒட்டும் தமிழில் அவை சில வேளை ஒட்டிக்கொண்டு வரும். தமிழுக்கு அவை தேவையில்லை, அகற்றிவிடலாம். ஆனால் திருகோணமலையில் ஒரு பொது அறிவித்தல் மும்மொழியிலும் வருவது வழக்கம். சிங்களத்தில் 'ஸ்ரீ' போன்ற கூட்டெழுத்துகள் அந்த இணைப்புக் குறியைக் கொண்டே உருவாகின்றன. கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் அகற்றும் வரி நமது தமிழைச் சுத்தமாக்கிவிட்டு அயலவரின் மொழியை உடைத்துவிடும். எனவே குறியின் இருபுறமும் தமிழ் எழுத்து இருந்தால் மட்டுமே அகற்றுவது என்று விதித்திருக்கிறேன்.

பழைய அறிவித்தல்கள் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. இலங்கையில் அச்சகத்திலும் அலுவலகத்திலும் பல்லாண்டுகளாகப் புழங்கிய எழுத்துரு அது. இன்றும் பலருடைய கை அந்த விசைப்பலகைக்குத்தான் பழகியிருக்கிறது. அதில் தட்டெழுதியதை இணையத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக்குறிகளும் கலந்து வரும், ஏனென்றால் உள்ளே இருப்பவை உண்மையில் அவைதான்; தமிழ் உருவம் எழுத்துருவில் மட்டுமே இருக்கிறது. செயலாளர் ஐயாவிடம் புதிய விசைப்பலகையைப் பழகுங்கள் என்று சொல்வதை விட, முறைமையே அதைப் புரிந்துகொள்வதுதான் முறை. அடையாளம் காண்பது கடினமன்று. பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி, அரைப்புள்ளிக் குறியின் (;) இடத்தில் இருக்கிறது. ஆங்கில எழுத்துகளுக்கு நடுவே, இடைவெளி விடாமல், அரைப்புள்ளிகள் அடிக்கடி வந்தால் அது பெரும்பாலும் பாமினிதான். மாற்றும்போது இரண்டைக் கவனிக்க வேண்டும். ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் குறி ஆகியவை பாமினியில் மெய்க்கு முன்னே எழுதப்படுகின்றன, யுனிகோட்டிலோ அவை பின்னே வர வேண்டும். அத்தோடு 'கொ' போன்றவற்றில் மூன்று குறிகள் சேர்ந்து ஓர் எழுத்தாவதால் நீண்ட சேர்க்கைகளை முதலிலும் குறுகியவற்றைப் பின்னரும் மாற்ற வேண்டும். மாற்றியதை எழுதியவருக்குக் காட்டி அவர் ஒப்புக்கொண்ட பின்னரே சேமிக்கிறேன். ஒருவரின் எழுத்தை அவருக்குத் தெரியாமல் மாற்றும் உரிமை மென்பொருளுக்கு இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

தேடலில்தான் நான் மிகுந்த நேரம் செலவிட்டேன். எஸ்கியூலைட்டில் எஃப்டிஎஸ்5 என்ற முழு உரைத் தேடல் வசதி உண்டு. விரைவானது, அமைப்பதற்கும் எளியது. அது உரையைச் சொற்களாகப் பிரிக்கும் இயல்பான முறையில் எழுத்துகளும் எண்களும் மட்டுமே சொல்லின் பகுதிகளாகக் கருதப்படுகின்றன. தமிழின் உயிர்க்குறிகளும் புள்ளியும் யுனிகோட் வகைப்பாட்டில் 'எழுத்து' அல்ல, 'குறி' என்ற வகையைச் சேர்ந்தவை. ஆகவே அந்த முறைக்கு அவை வெற்றிடம் போன்றவை. 'தேர்' என்று தேடினால் அது 'த', 'ர' என்ற இரு துண்டுகளாகிறது. 'தெரு' என்பதும் அப்படித்தான், 'திரு' என்பதும் அப்படித்தான். 'திருகோணமலை'யும் அதே இரு துண்டுகளில் தொடங்குவதால், நம்மூர்ப் பெயர் இருக்கும் ஒவ்வொரு பக்கமும் தேர்த் திருவிழாவைத் தேடுபவருக்கு விடையாக வந்து குவியும். தேடல் வேலை செய்வது போலத் தோன்றுவதால் இது எளிதில் பிடிபடாது. விடைகள் வருகின்றன, அவற்றுள் சரியானதும் இருக்கிறது. தீர்வு சிறியது. அட்டவணையை உருவாக்கும்போதே குறி வகைகளையும் சொல்லின் பகுதியாகச் சேர்க்கும்படி பிரிப்பானுக்குச் சொல்லிவிடலாம். அதற்கென்று ஒரு தெரிவு இருக்கிறது.

அதன் பிறகும் தமிழின் இயல்பு மிஞ்சி நிற்கிறது. 'துறைமுகம்' என்று தேடுபவருக்கு 'துறைமுகத்தில்', 'துறைமுகத்துக்கு' என்று எழுதப்பட்டவையும் வேண்டும். சொல்லை அடியாகவும் விகுதியாகவும் பிரிக்கும் முழுமையான உருபனியல் ஆய்வு என் போன்ற தொடக்கநிலைக்காரருக்கு எட்டாது, ஆனால் இரண்டு சிறு விதிகளே பெரும்பகுதியைத் தந்துவிடுகின்றன. தேடும் சொல் 'ம்' என்று முடிந்தால் அதை நீக்கிவிட்டு, மிஞ்சியதில் தொடங்கும் எல்லாச் சொற்களையும் தேடுவது ஒன்று. வேறு மெய்யில் முடிந்தால் இறுதிப் புள்ளியை மட்டும் நீக்குவது மற்றொன்று. 'நூல்' என்பது 'நூல' என்றாகி, நூலை, நூலின், நூலகம் எல்லாவற்றையும் கொண்டுவருகிறது. 'கடல்' மட்டும் 'கடற்கரை'யையும் 'கடற்றொழில்' என்பதையும் கொண்டுவராது. அத்தகைய சொற்களுக்கும் ஊர்ப்பெயர்களின் வேறு வடிவங்களுக்கும் ஒரு சிறிய இணைச்சொல் அட்டவணை வைத்திருக்கிறேன்: திருகோணமலை, திருக்கோணமலை, தம்பலகாமம், தம்பலகமம், கோணேஸ்வரம், கோணேச்சரம். இதில் எது சரி என்று தீர்ப்பளிப்பது முறைமையின் வேலையன்று. எந்த வடிவத்தில் தேடினாலும் எல்லா வடிவங்களும் கிடைக்க வேண்டும். அந்த அட்டவணையைச் செயலாளர் ஐயாவே நிரப்புகிறார். கிண்ணியா, மூதூர்ப் பக்கத்துச் சிற்றூர்களின் பெயர் வழக்குகள் என்னை விட அவருக்கே நன்றாகத் தெரியும்.

நூற்பட்டியலை அகரவரிசையில் இடுவதும் தானாக நடப்பதில்லை. எஸ்கியூலைட் பைட் வரிசையில் அடுக்குகிறது. யுனிகோட்டில் னகரம் நகரத்தை அடுத்தும் றகரம் ரகரத்தை அடுத்தும் வைக்கப்பட்டிருப்பதால், 'மனம்' முன்னும் 'மரம்' பின்னும் வரும். நம் அகரவரிசையில் றகரமும் னகரமும் கடைசியில் நிற்பவை. 'இன்டல்' நீட்சியிலுள்ள ஒப்பீட்டு வசதி நம் மரபு வரிசையை அறிந்தது. அதை எஸ்கியூலைட்டுக்கு ஒரு வரிசையாக்க விதியாகப் பதிவு செய்து கொடுக்க பிஎச்பி இடம் தருகிறது. இப்போது வாசிகசாலையின் பட்டியல் அச்சிட்ட அகராதியின் ஒழுங்கில் நிற்கிறது.

எழுதும் பக்கத்தில் பொத்தான்கள் அதிகம் இல்லை. தலைப்புக்கு ஒரு பெட்டி, உடலுக்கு ஒரு பெட்டி, படத்துக்கு ஒரு பொத்தான், 'வரைவாக வை', 'வெளியிடு' என்ற இரண்டு. வெற்று வரி விட்டால் புதிய பந்தி. முகவரியை ஒட்டினால் இணைப்பு. நிறமும் எழுத்தளவும் மாற்றும் வசதிகளை வேண்டுமென்றே தவிர்த்தேன். தட்டெழுதுவது அவ்வப்போது உலாவிக்குள்ளேயே சேமிக்கப்படுகிறது, சிக்னல் போனாலும் எழுதியது போகாது. பிழைச் செய்திகள் எல்லாம் தமிழில், என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் முழு வாக்கியங்களாக எழுதப்பட்டிருக்கின்றன: "படம் மிகப் பெரியது" என்று நிறுத்தாமல், "இந்தப் படத்தை ஏற்க முடியவில்லை, தயவுசெய்து இதை விடச் சிறிய படமொன்றைத் தெரிவுசெய்யுங்கள்" என்று.

இன்னும் எழுதவேண்டியது மொழித் தொடர்பு. ஒரே அறிவித்தலின் தமிழ், சிங்கள, ஆங்கில வடிவங்களை ஒரே பதிவின் மூன்று புலங்களாக வைப்பதா, மூன்று பதிவுகளாக வைத்து ஒன்றோடொன்று இணைப்பதா என்பதில் இரண்டாவதையே தேர்கிறேன். மொழிபெயர்ப்பு வரும்வரை தமிழ் அறிவித்தல் காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பக்கத்துக்கும் அதன் மொழிக் குறியீட்டைச் சரியாக இட முடிவதால், பார்வையற்ற வாசகர்களின் திரைவாசிப்பான் தமிழைத் தமிழாகவே வாசிக்கவும் வழி ஏற்படும். பதிவு அட்டவணையில் 'மொழி', 'தொகுதி எண்' என்ற இரண்டு புலங்களைச் சேர்த்துவிட்டேன். சிங்களப் பக்கங்களை எழுத ஒப்புக்கொண்ட அக்காவுக்கான பயனர் கணக்கு அடுத்த வேலை.